பீதர் நகரத்து மதரசா

கர்நாடகத்தின் வடகோடியில் உள்ள பீதர் நகரம் பாமினி சுல்தான்களின் தலைநகராக விளங்கிய காலத்தில், 1472இல், அங்கே ஒரு பெரிய மதரசா, அதாவது மார்க்கக் கல்வியோடு கணிதம், வானியல், தத்துவம் முதலியவற்றையும் கற்பித்த உயர்கல்விக்கூடம், எழுந்தது. அதைக் கட்டுவித்த மஹ்மூத் கவான், ஈரானின் கீலான் பகுதியிலிருந்து வணிகராகத் தக்காணம் வந்து, பின்னர் சுல்தானின் தலைமை அமைச்சராக உயர்ந்தவர். நூலறிவில் ஆழ்ந்திருந்த அவர், பாரசீகக் கவிஞர் ஜாமியையே பீதருக்கு அழைத்துக் கடிதம் எழுதினார், ஆனால் கவிஞர் வரவில்லை.

நடுவே திறந்த முற்றம், அதன் நான்கு பக்கங்களிலும் ஒவ்வோர் ஈவான், அதாவது மூன்று புறம் சுவரடைத்து முற்றத்தை நோக்கி மட்டும் வளைவாகத் திறந்திருக்கும் உயர்ந்த மண்டபம் என்பது ஈரானிலும் மத்திய ஆசியாவிலும் வழங்கிய மதரசா அமைப்பு. பீதரில் அதே அமைப்பு மூன்று தளங்களாக உயர்ந்து, பாட மண்டபங்கள், பள்ளிவாசல், நூலகம், ஆசிரியர் இல்லங்கள், மாணவர் அறைகள் அனைத்தையும் ஒரே கட்டடத்துக்குள் அடக்கியது. நூலகத்தில் ஏறத்தாழ 3,000 கையெழுத்துப் பிரதிகள் இருந்தன என்பர். ஆசிரியரும் மாணவரும் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்ததால், அது வகுப்புகள் மட்டும் நடந்த கூடமாக இல்லாமல் ஒரு சிற்றூராகவே இயங்கியது.

கிழக்கு முகப்பில் எஞ்சியுள்ள ஒற்றை மினாரை, அதாவது தூண்போல் உயர்ந்த கோபுரத்தை, அருகில் நின்று பார்ப்பதே இக்கட்டடத்தை அறிய நல்ல வழி. அதன் உடலைச் சுற்றி, பளபளக்கும் மெருகூட்டிய ஓடுகள் கூர்முனைகளாக மடங்கி மடங்கிச் செல்லும் கோடுகளாகப் பதிக்கப்பட்டிருக்க, பக்கத்துச் சுவரின் மேற்பகுதியில் நீலப் பின்னணியில் வெண்ணிறக் குர்ஆன் வாசகங்கள் ஓடுகின்றன. எழுத்தே இங்கே அலங்காரமாகிறது. பல இடங்களில் ஓடுகள் உதிர்ந்துவிட்டாலும், எஞ்சியவற்றின் நீலம் ஐந்து நூற்றாண்டு மழைக்கும் வெயிலுக்கும் பின்னும் மங்கவில்லை என்பது அக்கைவினைஞர்களின் திறனுக்குச் சான்று.

கவானுக்கு நேர்ந்த முடிவு கொடியது. பகைவர்கள் அவர் முத்திரையிட்ட தாளில் துரோகக் கடிதம் ஒன்றைப் புனைந்து சுல்தானிடம் காட்ட, 1481இல் அவர் கொல்லப்பட்டார். மதரசாவோ தொடர்ந்து இயங்கிவந்து, 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் முகலாயர் ஆட்சியின்போது, உள்ளே சேமித்த வெடிமருந்து வெடித்ததில் நுழைவாயிலையும் மற்றொரு மினாரையும் தென்கிழக்குப் பகுதியையும் இழந்தது. கல்விக்கென்று எழுந்த கட்டடம் படைக்கலக் கிடங்காக்கப்பட்டதன் விலை அது.