அறுந்த கண்ணியை யார் பூட்டுவது? - மிதிவண்டிச் சங்கிலியின் கதை



பள்ளி விடுமுறை வந்தால் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு மிதிவண்டியில் நெடும்பயணம் புறப்படும் பெற்றோர் சிலரை நான் அறிவேன். உணவு, தண்ணீர், மழையாடை என எல்லாம் மறவாமல் எடுத்துச் செல்லும் அவர்களிடம் 'சங்கிலி அறுந்தால் என்ன செய்வீர்கள்?' என்று கேட்டால் பெரும்பாலும் பதில் கிடைப்பதில்லை. அந்தக் கேள்விக்கு இன்று சில கிராம் எடையுள்ள ஒரு கண்ணி பதிலாக இருக்கிறது. கடைகளில் அதைக் 'குயிக் லிங்க்' என்பார்கள். அது நம் கைக்கு வந்து சேர்ந்த கதை நூறாண்டுக்கும் மேற்பட்டது. நம் மண்ணின் மிகக் கசப்பான நாள்களையும் அது தொட்டுச் செல்கிறது.

முதலில் சங்கிலி. அதன் வடிவத்தை லியொனார்டோ டா வின்சி 15ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே தம் குறிப்பேட்டில் வரைந்திருக்கிறார். ஆயினும் மிதிவண்டிக்கு ஏற்ற சங்கிலியைத் தந்தவர் ஹான்ஸ் ரெனால்ட். சுவிட்சர்லாந்தில் 1852இல் பிறந்து, 1873இல் இங்கிலாந்தின் மான்செஸ்டருக்கு வந்த பொறியாளர் அவர். 1879இல் சால்ஃபர்டு நகரில் இருந்த ஒரு சிறு சங்கிலிப் பட்டறையை விலைக்கு வாங்கினார். மறு ஆண்டே தம் புதிய சங்கிலிக்குக் காப்புரிமை பெற்றார்.

அவர் செய்த மாற்றம் எளியது. பழைய சங்கிலியில் மெல்லிய தகட்டின் விளிம்பு நேரடியாக ஊசியின்மேல் உராய்ந்தது. பாரம் முழுவதும் அந்தச் சிறு விளிம்பில் இறங்கியதால் விரைவில் தேய்ந்தது. ரெனால்ட் ஊசியைச் சுற்றி ஒரு குழலைப் பொருத்தி, அதன்மேல் தளர்வாகச் சுழலும் உருளையை அமைத்தார். பாரம் ஊசியின் நீளம் முழுதும் பரவியது. பற்சக்கரத்தின்மேல் உருளை உருண்டதால் உராய்வும் குறைந்தது. இன்று உங்கள் வீட்டு வாசலில் நிற்கும் மிதிவண்டியின் சங்கிலியிலும் உருளை உண்டு.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. உலகைச் சுற்றிய முதல் மிதிவண்டிப் பயணிக்குச் சங்கிலிக் கவலையே இருக்கவில்லை. தாமஸ் ஸ்டீவன்ஸ் 1884 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து புறப்பட்டு 1886 டிசம்பரில் யோகோஹாமாவை அடைந்தார். அவர் ஏறிச் சென்றது முன்சக்கரம் ஆளுயரம் நிற்கும் பழைய வகை வண்டி. மிதிகள் முன்சக்கரத்திலேயே பூட்டப்பட்டிருந்தன. மாற்றுச் சட்டை, காலுறைகள், கூடாரமாகவும் பயன்பட்ட மழையங்கி, ஒரு கைத்துப்பாக்கி ஆகியவைதாம் அவருடைய மூட்டை. அவர் பயணத்தில் இருந்தபோதே, 1885இல், கோவென்ட்ரி நகரின் ஜான் கெம்ப் ஸ்டார்லி சங்கிலியால் பின்சக்கரத்தை ஓட்டும் 'ரோவர்' வண்டியை வெளியிட்டார். விழுந்தால் கழுத்து முறியும் உயரம் போயிற்று. பதிலுக்கு அறுந்துபோகக்கூடிய ஓர் உறுப்பு வந்தது.

வழியில் வண்டி பழுதானால் யார் சரிசெய்வது? இந்தக் கேள்வியின் கொடுமையான முகத்தை 1913ஆம் ஆண்டு பிரான்ஸ் சுற்றுப் பந்தயம் காட்டியது. பழுது எதுவாயினும் ஓட்டுநர் பிறர் உதவியின்றித் தாமே சரிசெய்ய வேண்டும் என்பது அக்காலத்து விதி. பிரனீஸ் மலையின் தூர்மலே கணவாயிலிருந்து இறங்கும்போது, முன்னணி வீரர்களில் ஒருவரான யூஜீன் கிறிஸ்தோஃபின் வண்டியில் முன்சக்கரத்தைத் தாங்கும் கவை முறிந்தது. வண்டியைத் தோளில் சுமந்து, பத்துக் கிலோமீட்டருக்கும் மேல் மலைப்பாதையில் நடந்தே இறங்கி, செந்த்-மரி-த-காம்பான் என்ற சிற்றூரின் கொல்லன் உலைக்களத்தை அடைந்தார். கொல்லர் எப்படிச் செய்வது என்று வாயால் சொல்லலாம், கருவியைத் தொடக்கூடாது. பந்தய அதிகாரிகள் பக்கத்தில் நின்று கவனித்தார்கள். கிறிஸ்தோஃப் தாமே இரும்பைக் காய்ச்சி, அடித்து, கவையை ஒட்டினார். இரண்டு கைகளும் வேலையில் இருந்ததால் துருத்தியை ஊத ஒரு சிறுவன் உதவினான். அதற்குத் தண்டமாகப் பத்து நிமிடம் சேர்த்தார்கள்! பிறகு அதை மூன்றாகக் குறைத்தார்கள். ஏறத்தாழ நான்கு மணி நேரம் இழந்தும் அவர் பந்தயத்தை விடவில்லை. இறுதியில் ஏழாவதாக வந்தார்.

விதி விதிதான் என்று வாதிடுவோர் உண்டு. துருத்தி ஊதிய ஒரு பிள்ளையின் கையை உதவிக் கணக்கில் எழுதிய அதிகாரியை என்னால் மெச்ச முடியவில்லை.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1941 டிசம்பர் 8ஆம் நாள் ஜப்பானியப் படை கோத்தா பாருவில் இறங்கியது. பின்வாங்கிய பிரிட்டிஷார் பாலங்களைத் தகர்த்துக்கொண்டே சென்றார்கள். லாரிகள் ஆற்றங்கரையில் நின்றன. மிதிவண்டி வீரர்களோ வண்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆற்றைக் கடந்து மறுகரையில் மிதித்தார்கள். படையின் திட்ட அதிகாரியான சுஜி மசனோபு பின்னாளில் எழுதிய நூலில், ஒரு டிவிஷனுக்குச் சுமார் 6,000 மிதிவண்டிகள் இருந்தன என்கிறார். ஒவ்வொரு கம்பெனியுடனும் குறைந்தது இருவர் அடங்கிய பழுதுபார்க்கும் குழு சென்றது. ஒரு குழு நாளொன்றுக்குச் சராசரி இருபது வண்டிகளைச் சீராக்கியதாம். வெயிலில் டயர் வெடித்தால் கழற்றி எறிந்துவிட்டு வெறும் இரும்பு வளையத்திலேயே ஓட்டினார்கள். இரவில் அந்த ஓசையைக் கேட்டுக் கவச வண்டிகள் வருவதாக எதிரிகள் அஞ்சினார்கள் என்பதும் அவர் தரும் செய்தி. போருக்கு முன்பே மலிவான ஜப்பானிய மிதிவண்டிகள் மலாயாவில் ஏராளமாக விற்பனையாகியிருந்தன. ஆகவே மாற்று உறுப்புகளுக்கும் பஞ்சமில்லை. ஊர் மக்களின் வண்டிகளும் பறிக்கப்பட்டன.

1942 ஜனவரி 11இல் கோலாலம்பூர் வீழ்ந்தது. பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் சரணடைந்தது. சயாம் மரண ரயில் பாதைக்குப் பல்லாயிரக்கணக்கான தோட்டத் தமிழர்கள் கொண்டுசெல்லப்பட்டது அதன் பின்னரே. மலாயாவின் தோல்விக்குக் காரணங்கள் பல; விமான பலமும் கவச வண்டிகளும் இல்லாமல் மிதிவண்டி மட்டும் வென்றிருக்காது. எனினும் கம்பெனிக்கு இரண்டு பழுதுபார்ப்போரை அனுப்பிய முன்யோசனையை வரலாற்றுப் பாடத்தில் ஒரு வரியாவது சொல்லலாம் என்பது என் எண்ணம்.

ஒற்றைப் பல்வேகம் கொண்ட அத்தகைய வண்டிகளில் சங்கிலியை இணைக்க வில்போன்ற ஒரு பூட்டு உண்டு. 'செயின் லாக்' என்றால் பலருக்கும் புரியும். பல பற்சக்கரங்களுக்கு இடையே சங்கிலி தாவும் வண்டிகள் பரவியபோது அந்தப் பூட்டு உதவவில்லை. அதன் புடைப்பு இடுக்கில் சிக்கும். ஊசியைத் தள்ளி எடுக்கும் தனிக் கருவி தேவைப்பட்டது. பின்சக்கரத்தில் பற்சக்கரங்கள் கூடக்கூடச் சங்கிலி ஒல்லியாயிற்று. ஒருமுறை தள்ளி எடுத்த ஊசியை மீண்டும் நுழைத்தால் அந்த இடமே முதலில் அறுந்தது.

சாக்ஸ் என்ற ஜெர்மானிய நிறுவனம் 'பவர் லிங்க்' என்ற கண்ணியைக் கொண்டுவந்தது. அந்நிறுவனத்தின் மிதிவண்டிப் பிரிவை 1997இல் அமெரிக்காவின் ஸ்ராம் வாங்கியது. கண்ணி இரண்டு பாதிகளாக வரும். ஒவ்வொரு பாதியிலும் ஒரு தகடு, ஓர் ஊசி, சாவித்துளை போன்ற ஒரு துளை. ஊசியை அகன்ற பக்கத்தில் நுழைத்து இழுத்தால் குறுகிய பக்கத்தில் பூட்டிக்கொள்ளும். பின் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு மிதியை ஒருமுறை அழுத்தினால் 'டக்' என்று அமரும். மிதிக்கும் விசையே பூட்டை இறுக்குகிறது.

வாங்கும்போது பின்சக்கரத்தில் எத்தனை பற்சக்கரங்கள் என்று எண்ணிச் சொல்லுங்கள். எட்டுக்கு உரியது பதினொன்றுக்குப் பொருந்தாது. பத்தும் அதற்கு மேலும் உள்ள சங்கிலிகளுக்கான கண்ணிகளில் பலவற்றை ஒருமுறைதான் பயன்படுத்த வேண்டும் என்று தயாரிப்பாளர்களே கூறுகிறார்கள். கண்ணி மட்டும் போதாது. உடைந்த பகுதியை அகற்றச் சிறிய ஊசி தள்ளியும் பையில் இருக்க வேண்டும். அறுகோணச் சாவிகளுடன் மடக்கி வைக்கும் கருவி பலவற்றில் அதுவும் சேர்ந்தே வருகிறது. வெளிக்கண்ணி மட்டும் உடைந்தால் அதன் இடத்தில் இதைப் பூட்டலாம். உட்கண்ணியும் நெளிந்தால் ஓர் அங்குலம் குறையும். அப்போது பெரிய பற்சக்கரங்கள் இரண்டையும் ஒருசேரப் பயன்படுத்தாமல் வீடு வந்து சேருங்கள்.

தேய்ந்த சங்கிலி எளிதில் அறும். அதைக் கண்டறியப் பிள்ளைகளின் 30 சென்டிமீட்டர் அளவுகோலே போதும். ஓர் ஊசியின் மையத்தில் வைத்து, அதை விட்டுவிட்டு இருபது ஊசிகளை எண்ணுங்கள். புதிய சங்கிலியில் 254 மில்லிமீட்டர் காட்டும். 256ஐ நெருங்கினால் புறப்படுவதற்கு முன்பே மாற்றிவிடுங்கள்.