ஜெர்மனியின் சாப்பாட்டு மேசையில் பிறந்த தீவு

1907ஆம் ஆண்டுக் குளிர்காலம். மியூனிக் நகரின் கீசிங் பகுதியில் யோசஃப் ஃப்ரீட்ரிஷ் ஷ்மிட் என்பவர், வீட்டுக்குள் அடைந்து கிடந்த தம் மூன்று பையன்களுக்காக ஒரு பலகை செய்தார். சிலுவை வடிவில் கட்டங்கள், ஆளுக்கு நான்கு காய், ஒரு பகடை. ஆறு விழுந்தால்தான் காயை இறக்க முடியும். அடுத்தவர் காய் நிற்கும் கட்டத்தில் போய் நின்றால் அந்தக் காய் வெட்டுப்பட்டு, தொடங்கிய இடத்துக்கே திரும்பும். தாயம் விழக் காத்திருந்து பழகிய நம்மவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதே இல்லை. இந்தியாவின் பச்சீசி வழிவந்த ஆட்டம்தான் அது, லூடோவுக்குப் பங்காளி.

ஷ்மிட் அதற்கு வைத்த பெயருக்கு ‘மனுஷா, கோவிச்சுக்காதே’ என்று பொருள். கடைக்கு வந்த புதிதில் பெரிதாக விற்கவில்லை. 1914இல் போர் மூண்டபோது அவர் 3,000 பெட்டிகளை ராணுவ மருத்துவமனைகளுக்கு இலவசமாக அனுப்பினார். கட்டிலில் படுத்தபடி ஆடிப் பழகிய சிப்பாய்கள் ஊர் திரும்பியபோது ஆட்டமும் கூடவே வீடு வந்து சேர்ந்தது. 1920க்குள் பத்து லட்சம் பெட்டிகள் விற்றுவிட்டன. இன்றும் அந்த மஞ்சள், சிவப்புப் பெட்டி இல்லாத ஜெர்மன் வீட்டைக் காண்பது அரிது.

நீண்ட குளிர்கால மாலைகளும், குடும்பம் மொத்தமும் ஒரே மேசையில் உட்காரும் வழக்கமும் அந்த நாட்டில் ஆட்டப்பெட்டிக்கு ஒரு நிலையான இடத்தைக் கொடுத்திருந்தன. ராவன்ஸ்பர்க் ஊரின் பதிப்பாளர் ஓட்டோ மையர் 1884இலேயே உலகப் பயணத்தை வைத்து ஒரு பலகை ஆட்டம் வெளியிட்டவர். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இதில் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. நாடுகளைப் பிடிக்கும் ஆட்டங்களைப் பிள்ளைகளிடம் கொடுக்கப் பெற்றோர் தயங்கினார்கள். ‘ரிஸ்க்’ ஆட்டத்தின் ஜெர்மன் பதிப்பு இளைஞர்களுக்குக் கேடு என்று எழுந்த சர்ச்சையில், ‘கைப்பற்று’ என்றிருந்த விதியை ‘விடுவி’ என்று மாற்றி எழுத வேண்டியிருந்தது. படை நடத்தாமல், பேரம் பேசியும் கட்டியெழுப்பியும் ஜெயிக்கும் ஆட்டங்கள் அங்கே செழித்ததற்கு இந்தத் தயக்கமும் ஒரு காரணம்.

1979இல் விமர்சகர்கள் சிலர் கூடி ‘ஆண்டின் சிறந்த ஆட்டம்’ என்ற விருதை முதன்முறையாக வழங்கினார்கள். அது ஆங்கிலேயர் டேவிட் பார்லெட்டின் ‘முயலும் ஆமையும்’ ஆட்டத்துக்குப் போனது. பரிசுத்தொகை கிடையாது. பெட்டியின் மேல் லாரல் மாலைக்குள் நிற்கும் சிவப்புக் காய் முத்திரை, அவ்வளவுதான். ஆனால் பேரப்பிள்ளைக்குக் கிறிஸ்துமஸ் பரிசு தேடும் பாட்டி அந்த முத்திரையைப் பார்த்துத்தான் பெட்டியை எடுக்கிறார். சில ஆயிரம் விற்க வேண்டிய ஆட்டம் லட்சக்கணக்கில் விற்கிறது. முதல் விருது கொடுத்து நான்கு ஆண்டுகள் கழித்து, எசன் நகரில் ஓர் ஆட்டப் பத்திரிகையின் வாசகர் சந்திப்பாகத் தொடங்கியது எசன் கண்காட்சி. அங்கே வருபவர்கள் சரக்கைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவதில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து ஆடுகிறார்கள். 2019இல் நான்கே நாளில் 2,09,000 பேர் வந்தார்கள்.

இந்த வரலாற்றில் அதிகம் பேசப்படாத, ஆனால் பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்த சம்பவம் 1988இல் நியூரம்பர்க் பொம்மைக் கண்காட்சியின்போது நடந்தது. ஆட்டத்தை உருவாக்கியவரின் பெயரைப் பெட்டியில் போடுவது பதிப்பாளர்களுக்கு அதுவரை கட்டாயமாக இருக்கவில்லை. பதின்மூன்று படைப்பாளிகள் ஒரு பீர்க் கோப்பை அட்டையை எடுத்து, பெட்டியின் மேல் எங்கள் பெயர் இல்லையென்றால் எந்தப் பதிப்பாளருக்கும் ஆட்டம் தர மாட்டோம் என்று எழுதிக் கையெழுத்திட்டார்கள். அது பலித்தது. அதன் பிறகு ஜெர்மானியர் கடைக்குப் போய், நாவலாசிரியரைத் தேடி வாங்குவதுபோல ஆட்டப் படைப்பாளியின் பெயரைச் சொல்லி வாங்கத் தொடங்கினார்கள்.

அப்படித் தேடி வாங்கப்பட்ட பெயர்களில் முதன்மையானது கிளவுஸ் டொய்பர். டார்ம்ஸ்டாட் அருகே பல் கட்டும் ஆய்வகம் நடத்தியவர். தொழிலின் இறுக்கத்திலிருந்து விடுபடத்தான் வீட்டின் கீழ்த்தளத்தில் உட்கார்ந்து ஆட்டங்களைச் செய்ய ஆரம்பித்தார். களிமண்ணில் உருவம் பிடித்து மற்றவர்களை ஊகிக்க வைக்கும் ‘பார்பரோசா’ 1988இல் விருது வாங்கியது. 1990, 1991 ஆண்டுகளிலும் விருது அவருக்கே. அப்போதும் பல் ஆய்வக வேலையை விடவில்லை.

ஐஸ்லாந்தில் வைக்கிங்குகள் முதன்முதலில் கரையேறியது எப்படி இருந்திருக்கும் என்ற கற்பனை அவரை நெடுநாள் பிடித்தாட்டியது. கீழ்த்தளத்திலிருந்து ஒவ்வொரு வடிவமாக மேலே கொண்டுவருவார். மனைவியும் பிள்ளைகளும் ஆடிப் பார்ப்பார்கள். வீட்டாருக்குச் சலிப்புத் தட்டினால் அட்டைகள் மறுபடி கீழே போய்விடும். ஆட்டம் அளவுக்கு மீறிக் கனத்தபோது, தீவைக் கண்டுபிடிக்கும் பகுதியைத் தனியே பிரித்தார்; அது பிறகு இன்னொரு ஆட்டமானது. மிஞ்சி நின்றது 1995இல் ‘கட்டானின் குடியேறிகள்’ என்று பொருள்படும் பெயரில் வெளிவந்து நான்காவது விருதையும் வென்றது.

அறுகோண வடிவில் பத்தொன்பது நிலத்துண்டுகள். காடு மரம் தரும். மேட்டு நிலம் செங்கல், புல்வெளி கம்பளி, வயல் தானியம், மலை கனிமம் தரும். பாலைவனம் ஒன்றும் தராது. பாலைவனம் தவிர ஒவ்வொரு துண்டின் மேலும் ஓர் எண் வில்லை. இரண்டு பகடை உருட்டி எட்டு வந்தால், எட்டாம் எண் நிலத்தையொட்டிக் குடியிருப்பு வைத்திருக்கும் எல்லாருக்கும் சரக்கு. யார் உருட்டினார்கள் என்பது பொருட்டே அல்ல. கட்டானின் உயிர்நாடி இந்த விதிதான். அடுத்தவர் முறையிலும் நமக்கு வரவு உண்டு என்பதால் எழுந்துபோய் டீ போட்டு வர மனசு வராது. இரண்டு பகடையில் 36 விதமான விழுகை உண்டு. அதில் ஏழு ஆறு விதமாகவும், ஆறும் எட்டும் தலா ஐந்து விதமாகவும் விழும். வில்லையில் எண்ணுக்குக் கீழே அத்தனை புள்ளிகள் அச்சிட்டிருக்கும். எட்டு வயதுப் பிள்ளை புள்ளியை எண்ணிப் பார்த்தே நல்ல இடத்தில் வீடு கட்டிவிடும். ஏழு விழுந்தால் திருடன் வருவான். ஏழுக்கு மேல் சீட்டு பதுக்கியவர் பாதியைக் கீழே வைக்க வேண்டும்.

பிறகு பேரம். ‘செங்கல் இருக்கா? ரெண்டு கம்பளி தர்றேன்.’ ‘உனக்குத் தந்தா நீ சாலை போட்டு என் வழிய அடைச்சிடுவ.’ எல்லாவற்றுக்கும் எல்லாரிடமும் கை ஏந்தித்தான் ஆக வேண்டும். அப்பாவின் சமாதானத்தை மகள் ஏற்க மறுக்கும் இடமும், அண்ணன் தம்பிக்குச் சலுகை விலை தரும் இடமும் இதுதான். மோனோபோலியில் திவாலானவர் ஓரமாக உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பார். கட்டானில் யாரோ ஒருவர் பத்துப் புள்ளி எடுக்கும்வரை ஒருவரும் மேசையை விட்டு வெளியேற்றப்படுவதில்லை. தோற்றவரும் கடைசிவரை ஆடியிருக்கிறார் என்பது குடும்ப ஆட்டத்துக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பதை டொய்பர் வீட்டாரிடமே கற்றுக்கொண்டிருக்க வேண்டும்.

1990களின் இறுதியில் அவர் பல் ஆய்வகத்தை விட்டார். கட்டான் நாற்பதுக்கும் மேற்பட்ட மொழிகளில், நான்கு கோடிக்கும் மேல் விற்றது. 2015 வாக்கில் கிரீன் பே பேக்கர்ஸ் அணியின் அமெரிக்கக் கால்பந்து வீரர்கள் பயிற்சி முடிந்ததும் கூடி ஆடியது செய்தியானது. 2007இல் எக்ஸ்பாக்ஸுக்கும், பிறகு கைபேசிக்கும் வந்தது. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையோடு ஞாயிற்றுக்கிழமை ஆட அது உதவுகிறது. எண்ணிக்கையில் தவறும் வராது. ஆனால் திரையில் பேரம் இரண்டு பொத்தான்களாகச் சுருங்கிவிடுகிறது. எதிரே இருப்பவர் முகம் தரும் துப்பு அங்கே கிடைப்பதில்லை.

டொய்பர் 2023 ஏப்ரலில், 70 வயதில் காலமானார். கீழ்த்தளத்து அட்டைகளை ஆடிப் பார்த்து வளர்ந்த மகன் பெஞ்சமினோடு சேர்ந்து அவர் உருவாக்கிய ‘புதிய ஆற்றல்கள்’ என்ற கட்டான் பதிப்பு 2024இல் கடைக்கு வந்தது. அதே அறுகோணத் தீவுதான். ஆனால் இப்போது அங்கே மின்நிலையங்கள் எழுகின்றன. புதைபடிவ எரிபொருளில் வேகமாக வளர்வதா, காற்றையும் சூரியனையும் நம்பி மெல்லப் போவதா என்று ஆடுபவர்கள் தங்களுக்குள் முடிவு செய்துகொள்ள வேண்டும்.