பீப்பாயில் ஹாப்ஸ், கலயத்தில் சுண்ணாம்பு

கிட் வாங்கி வீட்டிலேயே பீர் செய்யும் வெளிநாட்டுக்காரர்களிடம் ஒரு ஓயாத சண்டை உண்டு. ஹாப்ஸ் பூவை எப்போது போடுவது? கிட்டில் வரும் மால்ட் பாகில் கசப்பு ஏற்கனவே சேர்ந்திருக்கும். மிச்சம் வேண்டியது வாசனை மட்டும்தான். அதனால் நுரைத்துப் பொங்குவது அடங்கியபிறகு காய்ந்த ஹாப்ஸைக் கொதிக்க வைக்காமல் அப்படியே போட்டு, மூன்று முதல் ஐந்து நாள் ஊறவிட்டு, பாட்டிலில் அடைப்பார்கள். இதற்குப் பெயர் டிரை ஹாப்பிங். பொங்கிக் கொண்டிருக்கும்போதே போட்டால் வெளியேறும் கரியமில வாயுவோடு வாசனையும் போய்விடும். ரொம்ப நாள் ஊறினால் பச்சைப் புல் வாடை அடிக்கும். (தமிழ்நாட்டில் யாரும் முயற்சி செய்ய வேண்டாம், உரிமம் இல்லாமல் காய்ச்சினால் வாசனைக்கு முதலில் வருவது போலீஸ்தான் :-))

சரி, இதற்கும் கொங்கு நாட்டுக்கும் என்ன சம்பந்தம்? கொஞ்சம் சுற்றித்தான் வரவேண்டும்.

பதினெட்டாம் நூற்றாண்டில் லண்டனிலிருந்து கிளம்பும் கப்பல் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு மெட்ராஸ் வந்து சேர நான்கு முதல் ஆறு மாதம் ஆகும். நடுவில் இரண்டு முறை பூமத்திய ரேகை வெயில். அதில் பீர் புளித்துப் போகாமல் இருக்க, 1760களிலேயே அங்கே ஒரு யோசனை சொல்லப்பட்டது: வெப்ப நாடுகளுக்கு அனுப்பும் பீரில் ஹாப்ஸைக் கூடுதலாகப் போடுங்கள். பீப்பாயை மூடும் முன்பும் ஒரு கை காய்ந்த ஹாப்ஸ். ஹாப்ஸில் உள்ள கசப்பு அமிலங்கள் பீரைப் புளிக்க வைக்கும் பாக்டீரியாவை அடக்கிவிடும். சாராயத்தை உண்டாக்கும் ஈஸ்டை மட்டும் அது ஒன்றும் செய்யாது. கப்பல் துறைக்குப் பக்கத்தில் இருந்த ஹாட்ஜ்சன் ஆலை, கப்பல் கேப்டன்களுக்கு ஒரு வருடத்துக்கும் மேல் கடன் கொடுத்து இந்தியச் சந்தையைப் பிடித்தது. அவர்தான் இந்தியாவுக்கென்றே இந்தப் பீரைக் கண்டுபிடித்தார் என்பது பின்னால் கட்டிய கதை. அவர் செய்த சாமர்த்தியம் பீரில் இல்லை, கடன் தவணையில்!

அடுத்து, பீரை இங்கேயே காய்ச்சினால் என்ன என்று யோசித்தார்கள். குளிர் வேண்டும், அதனால் மலை ஏறினார்கள். வடக்கே 1855-ல் கசௌலியில் ஆலை வைத்தவர் எட்வர்ட் டயர் (ஜாலியன்வாலாபாக் டயரின் அப்பா). தெற்கே நீலகிரி. 1868 வரை அது கோயம்புத்தூர் மாவட்டத்தோடுதான் இருந்தது. ஆக, குளிரையும் கசப்பையும் வைத்து வெள்ளைக்காரன் தன் பானத்தைக் காப்பாற்றிக்கொண்ட கதை நம்ம மாவட்ட எல்லைக்குள்ளும் நடந்திருக்கிறது.

மலைக்குக் கீழே, பனையும் தென்னையும் நிற்கும் வெயில் காட்டில், இதே பிரச்சினைக்கு நம்ம ஆட்களிடம் வேறு ஒரு பதில் இருந்தது. சுண்ணாம்பு.

பாளையைச் சீவிக் கலயத்தைக் கட்டினால் சொட்டுச் சொட்டாக இனிப்பு நீர் இறங்கும். காற்றிலும் பழைய கலயத்திலும் இருக்கும் ஈஸ்ட் சும்மா இருக்காது, சில மணி நேரத்தில் அது கள். கலயத்தின் உள்பக்கம் சுண்ணாம்பு தடவிக் கட்டினால் காரத்தன்மையில் ஈஸ்டின் வேலை நின்றுபோகும், அது பதநீர். ஹாப்ஸ் போல இதைக் கடைசியில் சேர்க்க முடியாது. முதல் சொட்டு விழும் முன்பே தடவியிருக்க வேண்டும், ஒவ்வொரு முறை கட்டும்போதும் புதிதாகத் தடவ வேண்டும். குறைந்தால் பாதி புளித்துவிடும், கூடினால் நாக்கு வெந்துவிடும். மரம் ஏறுகிறவருக்கு அளவு விரல் நுனியில் இருக்கும்.

ஆக, ஹாப்ஸ் போதையைக் கெடாமல் காக்கிறது. சுண்ணாம்பு போதையே வராமல் தடுக்கிறது. ஒரே மரம், ஒரே பாளை, ஒரே ஆள். கலயத்துக்குள் ஒரு விரல் சுண்ணாம்பு இருந்தால் பதநீர், இல்லாவிட்டால் குற்றம்!

குற்றமானது எப்படி? ஆங்கிலேய ஆட்சிக்குக் கள் ஒரு பெரிய வருமானம். அதனால்தான் ஒத்துழையாமை இயக்கம் கள்ளுக்கடையைக் குறிவைத்தது. 1921-ல் காங்கிரஸில் இருந்த பெரியார், சேலம் தாதம்பட்டியில் இருந்த தன் தோப்பில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட தென்னை மரங்களை வெட்டிச் சாய்த்தார். ஈரோட்டில் கள்ளுக்கடை மறியல் செய்து அவர் சிறைக்குப் போனதும், மனைவி நாகம்மையும் தங்கை கண்ணம்மாளும் மறியலைத் தொடர்ந்தார்கள்.

1937 அக்டோபர் 1-ல் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டு வந்தார். காமர்ஸ் படிக்கிறவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. போன வருமானத்தை ஈடுகட்ட 1939-ல் சென்னை மாகாணத்தில் பொது விற்பனை வரி வந்தது. இந்தியாவிலேயே இதுதான் முதல். கலயத்தில் கை வைத்ததன் விலை கடைக்காரரின் பில்லில் ஏறியது. 1948-ல் மதுவிலக்கு மாகாணம் முழுவதும் பரவியது. 1971-ல் தளர்ந்தது, சில வருடத்தில் மறுபடி வந்தது, 1981-ல் கள்ளும் சாராயமும் திரும்பின, 1987 ஜனவரி 1 முதல் இரண்டுக்கும் தடை.

தடை வந்தது கள்ளுக்கும் சாராயத்துக்கும்தான், பீருக்கு இல்லை. 1983-ல் தொடங்கிய டாஸ்மாக், 2003-லிருந்து சில்லறை விற்பனையையும் தானே எடுத்துக்கொண்டது. எங்கிருந்தோ வரும் ஹாப்ஸ் போட்ட பீரை அரசே விற்கும், சொந்தத் தோப்பில் இறக்கிய கள்ளுக்கு வழக்கு. கொங்கு விவசாயிகளின் கோபம் இங்கேதான். செ.நல்லசாமி தலைமையிலான தமிழ்நாடு கள் இயக்கம் பல வருடங்களாகக் கேட்பதும் இதைத்தான்: கள் உணவு, அதை ஏன் மதுவோடு சேர்க்கிறீர்கள்? கள்ளில் ஆல்கஹால் இருப்பது உண்மை, அதனால் "உணவு" என்ற வாதம் பாதி தூரம்தான் போகும். ஆனால் பீரை விற்றுக்கொண்டு கள்ளை மட்டும் தடுப்பதற்கு என்ன நியாயம் என்ற கேள்விக்குச் சரியான பதில் வந்ததாகத் தெரியவில்லை.

2017-ல் அரசு நீராவுக்கு அனுமதி அறிவித்தது. தென்னையிலிருந்து இறக்கி, புளிக்காமல் குளிர்ச்சியில் வைத்து விற்க வேண்டும். தடவுகிற சுண்ணாம்பின் இடத்தில் ஐஸ் பெட்டி. ஆனால் மரம் ஏற ஆள் வேண்டுமே! தடைக்குப் பிறகு தொழிலை விட்டவர்களின் பிள்ளைகள் மரத்தின் பக்கமே போகவில்லை.

பொள்ளாச்சியிலிருந்து மேற்கே கொஞ்ச தூரம் போனால் பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் தாலுகா. கேரளத்தின் பல ஊர்க் கடைகளுக்குக் கள் போவது அங்கிருந்துதான். எல்லைக்கு இந்தப் பக்கமும் அதே தென்னை, அதே மண். இங்கே பாளை தேங்காயாகிறது, அங்கே கலயம் கட்டுகிறார்கள், சுண்ணாம்பு தடவாமல்.