தேர்வுக்கூடம் தரும் மதிப்பு: இணையவழிச் சான்றிதழ்களும் வளரும் பொருளாதாரமும்

தமிழ்நாட்டின் எந்தச் சிற்றூர்க் கடைத்தெருவிலும் ஒரு மாடிப்படி ஏறிப்போனால் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் ஒன்று இருக்கும். அலுவலகங்களை விட்டுத் தட்டச்சுப் பொறி மறைந்து ஆண்டுகள் பல ஆகிவிட்டன. ஆனாலும் லோயர், ஹையர் தேர்வுகளுக்குப் பிள்ளைகள் காலையிலேயே வந்து பொறி முன் உட்காருகிறார்கள். தேர்வை நடத்துவது அரசின் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம். தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குரூப் 4 அறிவிக்கை தட்டச்சர் பணிக்குக் கேட்பதும் அதே சான்றிதழைத்தான். தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் ஹையர் முடித்தவருக்கு முன்னுரிமை உண்டு. சில மாதப் பயிற்சி, ஒரு பொதுத் தேர்வு, பணிவிதியில் ஓர் இடம். 'மாற்றுச் சான்று', 'குறுஞ்சான்று' என்று கல்வியுலகம் இன்று புதிதாகப் பேசுகிற பொருள் இங்கே பல தலைமுறைகளாகப் புழக்கத்தில் இருக்கிறது.

வளரும் நாடுகளில் இணையவழிச் சான்றிதழ்களின் நிலையை எடைபோட இந்தப் பழைய முன்மாதிரியே நல்ல அளவுகோல். அவற்றின் மதிப்பைத் தொழில்நுட்பம் உண்டாக்குவதில்லை. நம்பத்தக்க தேர்வுக்கூடமும், வேலை தருபவரின் விதியில் கிடைக்கும் இடமும் சேர்ந்தே அதை உண்டாக்குகின்றன என்பது இக்கட்டுரையின் வாதம்.

இணையவழிப் படிப்புத் தளங்களான கோர்செராவும் எட்எக்ஸும் தோன்றிய 2012ஐ நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் 'மூக்' எனப்படும் பெருந்திரள் திறந்த இணையவழிப் படிப்புகளின் ஆண்டு என்றே அழைத்தது. உலகத்தின் சிறந்த வகுப்பறை ஏழை நாட்டு மாணவரின் வீட்டுக்கே வந்துவிடும் என்ற நம்பிக்கை அப்போது பரவியிருந்தது. அடுத்த ஆண்டே பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் கோர்செரா மாணவர்களைப் பற்றிய ஆய்வு 'நேச்சர்' இதழில் வந்தது. பிரேசில், ரஷ்யா, இந்தியா, சீனா, தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளிலிருந்து படித்தவர்களில் ஏறத்தாழ 80 விழுக்காட்டினர் அந்நாடுகளின் வசதியும் படிப்பும் மிகுந்த 6 விழுக்காட்டு மக்களிலிருந்தே வந்திருந்தார்கள். 2019இல் ஜஸ்டின் ரீச்சும் ஹோசே ருய்பெரெஸ் வாலியெண்டேவும் 'சயின்ஸ்' இதழில் இன்னும் விரிவான கணக்கைத் தந்தார்கள். ஹார்வர்டும் எம்ஐடியும் 2012 முதல் 2018 வரை நடத்திய படிப்புகளில் சேர்ந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் முதல் ஆண்டுக்குப் பின் திரும்பி வரவில்லை. வளர்ச்சி வசதியான நாடுகளிலேயே குவிந்திருந்தது. படிப்பை முடிப்போரின் விகிதமும் ஆறு ஆண்டுகளில் உயரவில்லை.

இதற்குக் கருவிப் பற்றாக்குறை ஒரு காரணம். 2017–18இல் எடுக்கப்பட்ட தேசிய மாதிரி ஆய்வின் 75ஆம் சுற்றின்படி இந்தியக் கிராமப்புற வீடுகளில் 4.4 விழுக்காட்டில்தான் கணினி இருந்தது. அதன் பிறகு கைப்பேசியும் மலிவான இணையமும் வெகுதூரம் பரவிவிட்டன. ஆனால், கையில் கைப்பேசி இருப்பதால் மட்டும் ஒருவர் பன்னிரண்டு வாரப் படிப்பைக் கடைசிவரை படித்துவிடுவதில்லை. முடித்தால் கிடைக்கும் தாளை யார் ஏற்பார் என்ற கேள்விக்கு விடை தெரியாதபோது, வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கும் பெண்ணோ விவசாய வீட்டுப் பையனோ இரவுத் தூக்கத்தை விடுவதற்கு என்ன நியாயம் இருக்கிறது?

இந்தக் கேள்வியின் வேரை 1976இலேயே தோண்டிப் பார்த்தவர் பிரிட்டிஷ் சமூகவியலாளர் ரொனால்டு டோர். 'பட்டய நோய்' என்று தமிழில் சொல்லத்தக்க அவருடைய நூல் இங்கிலாந்து, ஜப்பான், இலங்கை, கென்யா ஆகிய நான்கு நாடுகளை ஒப்பிடுகிறது. தொழில்வளர்ச்சியில் ஒரு நாடு எவ்வளவு தாமதமாக இறங்குகிறதோ, அவ்வளவுக்கு அங்கே வேலைக்கு ஆள் எடுப்பது சான்றிதழைச் சார்ந்துவிடுகிறது என்பது அவர் கண்டது. நல்ல சம்பளமும் நிலையான வேலையும் ஒரு சிறு வட்டத்துக்குள் மட்டும் கிடைக்கின்றன. அந்த வட்டத்தின் வாசலில் நிற்பவர்களைச் சலிக்கச் சான்றிதழ் பயன்படுகிறது. கூட்டம் பெருகப் பெருகச் சல்லடையின் கண்ணும் சிறுத்துக்கொண்டே போகும். 2024ஆம் ஆண்டு குரூப் 4 தேர்வுக்கு முதலில் அறிவிக்கப்பட்ட 6,244 இடங்களுக்கு 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள். பெரும்பாலான பணிகளுக்குக் குறைந்தபட்சத் தகுதி பத்தாம் வகுப்பு. எழுதியவர்களில் பட்டதாரிகளும் பொறியாளர்களும் எத்தனையோ பேர். டோரின் வாதத்துக்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

ஆகவே குறுஞ்சான்றுகள் பட்டத்தின் பிடியைத் தளர்த்தும் என்ற எதிர்பார்ப்பை எச்சரிக்கையுடனே ஏற்க வேண்டும். பணிவிதி மாறாத இடத்தில் அவை பட்டத்தின் மேல் இன்னொரு சுமையாக ஏறிவிடும். பி.இ. போதாது, அதோடு நான்கு ஆன்லைன் சான்றிதழும் வேண்டும் என்று ஆகிவிட்டால், முதலில் தள்ளப்படுபவர் அந்த நான்குக்கும் பணமும் நேரமும் இல்லாதவர்தான்.

இந்தப் பின்னணியில் என்பிடெல் திட்டத்தின் அனுபவம் கவனமாகப் பார்க்கத்தக்கது. ஐஐடிகளும் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003இல் தொடங்கிய இது, முதலில் விரிவுரைக் காணொளிகளின் சேமிப்பாகவே இருந்தது. 2014இல் சான்றிதழ்ப் படிப்புகள் வந்தன. பாடம் படிக்கக் கட்டணமில்லை. சான்றிதழ் வேண்டுமென்றால் கட்டணம் கட்டித் தேர்வு மையத்துக்கு நேரில் போக வேண்டும். வாராந்தரப் பயிற்சிகளுக்கு 25 மதிப்பெண், தேர்வுக்கு 75. பயிற்சியில் 10, தேர்வில் 30 என்று இரண்டிலும் தனித்தனியே தேற வேண்டும். நான்கு வாரப் படிப்புக்கு 1 கிரெடிட், எட்டு வாரத்துக்கு 2, பன்னிரண்டு வாரத்துக்கு 3. என்பிடெல் படிப்புகளும் இடம்பெறும் அரசின் ஸ்வயம் தளத்தின் படிப்புகளைக் கல்லூரிகள் தம் கணக்கில் சேர்த்துக்கொள்ள 2016இல் 20 விழுக்காடு வரை இடம் தந்த பல்கலைக்கழக மானியக் குழு, 2021இல் அதை 40 ஆக உயர்த்தியது. கல்லூரிகளில் உள்ளூர் மையங்கள் அமைந்தன. மாணவரை விரட்டிப் படிக்கவைக்க ஓர் ஆசிரியர் கிடைத்தார். இவற்றில் பார்ப்பவர் வியக்கும் நுட்பம் எதுவுமில்லை. ஆளைச் சரிபார்த்து உட்காரவைத்த ஒரு கூடம், கேள்வித்தாள், பொறுப்பேற்கும் ஒரு நிறுவனம்: சான்றிதழுக்கு எடை தந்தவை இவைதான்.

மாறாக, இதே காலத்தில் பெரும் ஆரவாரத்துடன் வந்த பிளாக்செயின் சான்றிதழ், வளரும் நாடுகளின் முதன்மைச் சிக்கலைத் தொடவே இல்லை. நிக்கோசியா பல்கலைக்கழகம் 2014இல் பிட்காயின் சங்கிலியில் சான்று பதித்தது. எம்ஐடி மீடியா லேப் 2016இல் பிளாக்செர்ட்ஸ் முறையை வெளியிட்டது. சான்றிதழைத் திருத்த முடியாது என்பது உண்மை. ஆனால் 2015இல் அம்பலமான பாகிஸ்தானின் ஆக்ஸாக்ட் மோசடியை நினைத்துப் பார்க்க வேண்டும். அந்நிறுவனம் இல்லாத பல்கலைக்கழகங்களின் பெயரில் பட்டங்களை விற்றது. அவற்றைச் சங்கிலியில் ஏற்றியிருந்தால், போலிப் பட்டங்கள் அழியாத பட்டங்களாகியிருக்கும். யார் கொடுத்தார் என்பதைச் சங்கிலி சொல்லும். கொடுக்கத் தகுதியானவரா என்பதைச் சொல்லாது. அந்த வேலையை அங்கீகாரம் என்ற மனித ஏற்பாடுதான் செய்கிறது. அரசின் மின்னணு ஆவணப் பெட்டகமான டிஜிலாக்கரும் 2021இல் விதிகள் வகுக்கப்பட்ட கல்விக் கிரெடிட் வங்கியும் பயன்படுவது, அவற்றின் பின்னால் அந்த ஏற்பாடு இருப்பதனால்தான்.

2022 இறுதியில் சாட்ஜிபிடி வந்தபின் தேர்வுக்கூடத்தின் தேவை இன்னும் கூடிவிட்டது. வீட்டிலிருந்து எழுதி அனுப்பும் பயிற்சியை எழுதியவர் யார் என்று இனி உறுதியாகச் சொல்ல முடியாது. கேமராவை வைத்து வீட்டிலேயே கண்காணிக்கலாம் என்பவர்கள், தனியறையும் தடைபடாத மின்சாரமும் எல்லா வீட்டிலும் உண்டு என்று கருதிக்கொள்கிறார்கள். ஓரறை வீட்டில் தம்பி குறுக்கே நடந்தாலே ஐயத்துக்கு ஆளாகும் முறை ஏழை மாணவருக்கு இழைக்கும் அநீதி.

சென்னை ஐஐடி 2020இல் தொடங்கிய தரவு அறிவியல் பட்டப்படிப்பு வேறு வழி காட்டுகிறது. ஜேஇஇ நுழைவுத்தேர்வு தேவையில்லை. நான்கு வாரப் பாடம் படித்து, நேரில் ஒரு தகுதித் தேர்வு எழுதித் தேறினால் சேரலாம். அடிப்படைச் சான்றிதழ், டிப்ளமோ, பட்டம் எனப் படிப்படியாக வெளியேற வாசல்கள் உண்டு. வருமானத்தைப் பொறுத்துக் கட்டணச் சலுகையும் உண்டு. வாசலைத் திறந்துவைத்துத் தேர்வை இறுக்கும் இந்த அமைப்பு, தொடக்கத்திலேயே வடிகட்டும் இந்திய வழக்கத்தைத் தலைகீழாக்குகிறது.

ஆனால் இடையில் டிப்ளமோவுடன் வெளியேறுபவருக்கு அரசுப் பணிவிதி என்ன சொல்கிறது? குரூப் 4 தகுதிப் பட்டியலில் என்பிடெல் சான்றிதழுக்கு இடமில்லை. பட்டம் கேட்கும் பணிகளிலும் பத்து, பன்னிரண்டு, பட்டம் என்ற வரிசையில்தான் தகுதி கேட்கப்படுகிறது. தட்டச்சர் பணிக்கான கணினிச் சான்றிதழும் அதே தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் தருவதுதான். தமிழ்நாடு அரசு 2022இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டம் திறன் படிப்புகளைக் கல்லூரிக் கிரெடிட்டுக்குள் கொண்டுவந்தது நல்ல முதல் அடி. ஆனால் கல்லூரிக்கு வெளியே நிற்பவரை அந்தக் கிரெடிட் எட்டாது.

செலவிட வேண்டிய இடம் இதிலிருந்து தெரிகிறது. தட்டச்சுத் தேர்வு நடக்கும் பாலிடெக்னிக்குகளிலும் கல்லூரிகளிலும் இன்று கணினிக் கூடங்கள் இருக்கின்றன. அங்கீகாரம் பெற்ற எந்த இணையவழிப் படிப்புக்கும் அவற்றைப் பொதுத் தேர்வுக்கூடங்களாக ஆண்டுக்கு நான்கு முறை திறந்துவிடலாம். கணினித் திறன் கேட்கும் பணிகளின் தகுதிப் பட்டியலில் அந்தத் தேர்வின் சான்றிதழையும் ஒரு வரியாகச் சேர்க்கலாம். அதற்குப் புதிய செயலி எதுவும் வேண்டாம். ஓர் அரசாணை வேண்டும்.