முதலூர்

முதலூர் என்பது தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளம் வட்டத்தில், தேரி எனப்படும் செம்மணல் மேடுகளை ஒட்டிய பனங்காட்டு நிலத்தில் அமைந்த சிற்றூர் ஆகும். 1986இல் தூத்துக்குடி தனி மாவட்டமாகும் வரை இது திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. பழைய ஊர்கள் பெரும்பாலும் ஏரியையோ கோயிலையோ அரசரின் கொடையையோ பற்றித் தோன்றியவை. முதலூரோ, சொந்த ஊரில் இருக்க முடியாமற்போன சில குடும்பங்களுக்காக 1799ஆம் ஆண்டில் விலைக்கு வாங்கப்பட்ட நிலத்தில் உருவானது.

ஊரின் தோற்றத்தோடு பிரிக்க முடியாதவர் தாவீது சுந்தரானந்தம். சாத்தான்குளத்தை அடுத்த காலன்குடியில் நாடார் குலத்தில் பிறந்த இவருடைய இயற்பெயர் சின்னமுத்து. தஞ்சாவூர் சென்று அங்கிருந்த சீர்திருத்தக் கிறித்தவ மிஷனில் சேர்ந்து, உபதேசியாராக, அதாவது குருப்பட்டம் பெறாமல் மறைக்கல்வி புகட்டும் ஊழியராக, அவர் தம் பகுதிக்குத் திரும்பினார். 1790இல் குருப்பட்டம் பெற்றுப் பாளையங்கோட்டைக்கு அனுப்பப்பட்டிருந்த சத்தியநாதன் அங்குள்ள சபையைக் கவனித்துவந்தார். அவரோடு இணைந்து சுந்தரானந்தம் செய்த பணியால் சண்முகபுரம், விசயராமபுரம் ஆகிய ஊர்களில் சில குடும்பங்கள் மதம் மாறின. எதிர்ப்பும் உடனே எழுந்தது.

அந்த எதிர்ப்பின் வலிமையை அறியப் பனைத்தொழிலின் அமைப்பை அறிய வேண்டும். கோடை முழுவதும் நாள்தோறும் பனையேறிப் பாளை சீவி, சுண்ணாம்பிட்ட கலயத்தில் பதநீர் இறக்குவதும், அதைக் காய்ச்சிக் கருப்பட்டியாக்குவதுமே அந்நாளில் இப்பகுதி எளிய குடும்பங்களின் பிழைப்பு. பனையேறுவோரில் பலருக்கு மரமும் சொந்தமில்லை, குடிசை நிற்கும் மனையும் சொந்தமில்லை. இரண்டுக்கும் நில உடைமையாளரின் தயவு வேண்டியிருந்தது. ஆகவே ஒருவரை ஊர்விலக்குச் செய்வதென்பது உறவை அறுப்பதோடு நில்லாமல், அவருடைய அடுப்பையும் அணைத்துவிடும். சொந்த மண் இல்லாமல் புதிய சமயத்தில் நிலைத்திருக்க முடியாது என்று சுந்தரானந்தம் கண்டதே முதலூருக்கு அடிப்படை எனலாம். ஐரோப்பிய அதிகாரி ஒருவரின் பொருளுதவியோடு நிலம் வாங்கப்பட்டு, விசயராமபுரத்திலிருந்து வெளியேறியோர் அங்குக் குடியேறினர்.

காலமும் அமைதியானதாக இல்லை. அதே 1799ஆம் ஆண்டில்தான் பாஞ்சாலங்குறிச்சி மீது கிழக்கிந்தியக் கும்பினிப் படை சென்றது. அக்டோபரில் அதன் பாளையக்காரர் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். 1801இல் மீண்டும் மூண்ட பாளையக்காரர் போர் முடிந்து, அவ்வாண்டு ஆர்க்காட்டு நவாபுடன் ஏற்பட்ட உடன்படிக்கையால் நிர்வாகம் முழுவதும் கும்பினியின் கைக்கு வந்தது. ஊர் தன் முதல் ஆண்டுகளைக் கழித்தது இந்த ஆட்சிமாற்றத்தின் நடுவில்தான்.

ஊர்ப்பெயர் பற்றி ஒரு விளக்கம் தேவை. முதல் + ஊர் என்னும் இப்பெயர், கிறித்தவர்கள் தமக்கெனவே அமைத்த முதல் குடியிருப்பு என்ற பொருளில் இடப்பட்டது. ஆனால் இது சீர்திருத்தச் சபையின் கணக்கு மட்டுமே. முத்துக்குளித்துறையின் பரதவர்கள் 1530களிலேயே கத்தோலிக்கம் தழுவியிருந்தனர். உள்நாட்டில் காமநாயக்கன்பட்டி, வடக்கன்குளம் ஆகிய இடங்களிலும் கத்தோலிக்கச் சபைகள் முதலூருக்கு வெகுமுன்பே இருந்தன. எனவே பெயரை நெல்லை நாட்டுக் கிறித்தவம் முழுவதற்குமான வரலாற்றுச் சான்றாகக் கொள்வது பொருந்தாது.

1802இல் கெரிக்கே என்னும் ஜெர்மானியக் குரு இப்பகுதியில் பயணம் செய்தபோதும், அதைத் தொடர்ந்து சத்தியநாதன் தனியே பணியாற்றியபோதும் ஆயிரக்கணக்கானோர் திருமுழுக்குப் பெற்றனர். முதலூரைப் பின்பற்றி வேறு குடியிருப்புகளும் தோன்றின. அவற்றுள் நாசரேத்து பின்னாளில் தாய்க் குடியிருப்பை விடப் பெரிய ஊராக வளர்ந்தது. இந்த வளர்ச்சி நீடிக்கவில்லை. கெரிக்கே 1803இல் இறந்தார். 1810-11இல் மாவட்டம் முழுவதும் பரவிய கொள்ளைக் காய்ச்சல் பெருஞ்சேதம் விளைவித்தது. அந்த ஆண்டுகளில் சபைகளைக் காத்தவர்கள் பெரும்பாலும் தமிழ்க் குருக்களும் உபதேசியார்களுமே. 1816இல் பாளையங்கோட்டைப் படைக்குக் குருவாக வந்த ஜேம்ஸ் ஹஃப், முதலூரும் நாசரேத்தும் கிறித்தவர் மட்டுமே வாழும் ஊர்களாக நிலைத்திருக்கக் கண்டார். மிஷன் வரலாறுகள் அவருடைய வருகையைப் புதிய தொடக்கமாக எழுதுகின்றன. அதற்கு முந்திய பத்தாண்டுகளுக்கு அவை தரும் இடம் மிகச் சிறிது.

நிலம் வாங்கிக் குடியேற்றும் முறை பிறகு வழக்கமாயிற்று. இரேனியஸ் பாதிரியார் 1830இல் நிறுவிய தரும சங்கம், துன்புறுத்தப்பட்டோருக்கு மனை வாங்கித் தருவதையே நோக்கமாகக் கொண்டது. புதிய ஊர்களின் பெயர்களும் சுவையானவை: பிரஷ்ய நாட்டுப் பிரபு தோனா அளித்த பணத்தால் அமைந்த ஊர் தோனாவூர் ஆயிற்று, சாயர் என்பவர் பெயரால் சாயர்புரம் வந்தது. கொடையாளியின் பெயரையோ விவிலிய ஊரின் பெயரையோ ஏற்காமல், தான் தோன்றிய வரிசையையே பெயராகக் கொண்டது முதலூர்.

இவ்வூரின் கோயில் தூய மிகாவேலின் பெயரால் வழங்குகிறது. இன்று வெளியூரார் பலர் முதலூரை அறிவது, தேங்காய்ப்பாலில் கிண்டப்படும் மஸ்கோத் அல்வாவினால்தான்.