பூட்டிக்கொள்ளாத சக்கரம்

நல்ல டிரைவர் என்று பெயரெடுக்க ஒரு காலத்தில் கை மட்டும் போதாது, காலும் பேச வேண்டும். மழை ரோட்டில் குறுக்கே மாடு வந்து நின்றால் பிரேக்கை ஒரேயடியாக அமுக்கிவிடக் கூடாது. மிதித்து, விட்டு, மறுபடி மிதித்து, மறுபடி விட வேண்டும். ஒரே மிதியாக மிதித்தால் சக்கரம் நின்றுவிடும், வண்டி நிற்காது. சுற்றாத டயர் ரோட்டைத் தேய்த்துக்கொண்டே வழுக்கும். ஸ்டீயரிங்கை எந்தப் பக்கம் ஒடித்தாலும் வண்டி நேராகத்தான் போகும், ஏனென்றால் உருளுகிற சக்கரம்தான் திரும்பும். இதெல்லாம் தெரிந்த அனுபவசாலிக்கும், மாடு கண்முன் நிற்கும்போது பிரேக்கிலிருந்து காலைத் தூக்க மனசு வராது. அந்தப் பொறுப்பை மனிதனின் காலிலிருந்து பறிக்கும் யோசனை தோன்றியது ரோட்டில் அல்ல, விமானத்தில்.

விமானி சக்கரத்திலிருந்து வெகு தூரத்தில் உட்கார்ந்திருந்தார். ஓடுபாதையில் சக்கரம் நின்று வழுக்குவது அவருக்குத் தெரிவதற்குள் டயர் கருகியோ வெடித்தோ போனது. 1920-களில் பிரெஞ்சுக்காரர் கேப்ரியல் வுவாசன் இதற்கு ஒரு வழி தேடினார். விமானச் சக்கரத்தோடு கனமான ஒரு சிறு சக்கரத்தையும் சேர்த்துச் சுழலவிட்டார். பிரேக் பிடித்துப் பெரிய சக்கரம் சட்டென்று நின்றாலும், கனத்தின் காரணமாகச் சிறுசக்கரம் தன் வேகத்திலேயே சுற்றியது. அந்த வேக வித்தியாசம் ஒரு வால்வைத் திறந்தது. பிரேக் எண்ணெயின் அழுத்தம் இறங்கியது, பெரிய சக்கரம் மீண்டும் உருண்டது, வால்வு மூடிக்கொண்டது. தேர்ந்த டிரைவரின் கால் செய்ததை ஓர் இரும்புத் துண்டு செய்துவிட்டது. 1936-இல் ஜெர்மனியின் பாஷ் நிறுவனமும் மோட்டார் வண்டிக்காக இதே எண்ணத்துக்குக் காப்புரிமை வாங்கியது. ஆனால் வண்டியில் பொருத்தும் அளவுக்கு அதைச் செய்ய முடியவில்லை. அதற்குள் உலகப் போர் வந்துவிட்டது.

போருக்குப் பின் ஜெட் விமானங்கள் அதிவேகத்தில் தரையிறங்கின. 1950-களின் தொடக்கத்தில் பிரிட்டனின் டன்லப் 'மேக்ஸரட்' என்ற கருவியைக் கொண்டுவந்தது. விமானம் நிற்கும் தூரம் கிட்டத்தட்ட முப்பது சதவீதம் குறைந்தது. விமானத்துக்கு உதவியது ரோட்டு வண்டிக்கு உதவாதா? 1958-இல் பிரிட்டிஷ் சாலை ஆராய்ச்சிக்கூடம் ஒரு மோட்டார் சைக்கிளில் மேக்ஸரட்டைப் பொருத்திப் பார்த்தது. நம்மூரில் புல்லட்டுக்குப் பெயர்போன அதே ராயல் என்ஃபீல்டின் சூப்பர் மீட்டியர் வண்டி அது. வழுக்கும் தரையில் பலன் பிரமாதமாக இருந்தது. ஆனால் இதற்கு எதிர்காலம் இல்லை என்று கம்பெனியின் தொழில்நுட்ப இயக்குநர் நினைத்தார். சோதனை அத்தோடு நின்றது, ஒரு பெரிய வாய்ப்பு கைநழுவிப் போனது.

1966-இல் அதே மேக்ஸரட் ஜென்சன் எஃப்எஃப் என்ற ஆங்கிலேயக் காரில் ஏறியது. நான்கு சக்கரமும் இழுக்கும் அபூர்வ வண்டி. ஆனால் விலை அதிகம், அதோடு அதன் அமைப்பை இடதுபக்க ஸ்டீயரிங்குக்கு மாற்ற வழியில்லாததால் அமெரிக்கச் சந்தையே இல்லை. வெறும் 320 கார்களோடு கதை முடிந்தது. இரும்பும் வால்வும் இதற்கு மேல் போகாது என்ற நிலையில், ஜெர்மனியின் ஹைடல்பர்கில் டெல்டிக்ஸ் என்ற நிறுவனம் எலெக்ட்ரானிக்ஸைக் கையிலெடுத்தது.

1970 டிசம்பரில் டைம்லர்-பென்ஸ் தன் சோதனைத் தடத்தில் டெல்டிக்ஸின் கருவியைப் பெருமையோடு காட்டியது. ஆனால் விற்பனைக்கு வரவில்லை. அதற்குக் காரணம் பயம், அதுவும் நியாயமான பயம். பிரேக் தேவைப்படும் அந்த நொடியிலேயே பிரேக்கைத் தளர்த்துகிற கருவி இது. கோளாறாகித் தளர்த்திய பிரேக்கை மறுபடி பிடிக்காமல் போனால்? உள்ளே சுமார் ஆயிரம் மின்னணு உறுப்புகள் இருந்தன. இன்ஜின் சூட்டிலும் ரோட்டின் அதிர்விலும் அவற்றில் எது எப்போது கைவிடும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. காட்டிவிட்ட பொருளை விற்காமல் எட்டு வருடம் அடைகாத்த அந்தப் பொறுமையை நான் மிகவும் மதிக்கிறேன்.

அந்த எட்டு வருடத்தில் அதிர்ஷ்டம் வேறு துறையிலிருந்து வந்தது. கணினிக்காக வளர்ந்த டிஜிட்டல் சில்லுகள் மலிந்தன. வேலையை ஏற்றுக்கொண்ட பாஷ் ஆயிரம் உறுப்புகளை 140 ஆகக் குறைத்தது. 1978 ஆகஸ்டில், ஈரத் தடத்தில் பிரேக்கை முழுசாக மிதித்தபடியே ஒரு மெர்சிடிஸ் எஸ்-கிளாஸ் வளைந்து தடையைத் தாண்டிப் போனது. பெடலின் அடியில் விநாடிக்குப் பல தடவை அழுத்தம் ஏறி இறங்கியது. எந்த டிரைவரின் காலுக்கும் வராத வேகம் அது. அந்த ஆண்டின் இறுதியில் 2,217.60 மார்க் கூடுதல் விலையோடு அது விற்பனைக்கு வந்தது. அதுதான் இன்று சாவியைத் திருப்பியதும் டாஷ்போர்டில் மஞ்சளாக மின்னி மறைகிற மூன்றெழுத்து: ஏபிஎஸ்.

கருவி ஜெயித்தது, ஆனால் பழைய பழக்கம் விடவில்லை. விட்டு விட்டு மிதிக்கப் பழகிய கால்கள் புது வண்டியிலும் அதையே செய்தன. அப்படி மிதித்தால் நிற்கும் தூரம் கூடும். பெடல் காலுக்கடியில் படபடவென்று துடித்ததும், ஏதோ உடைந்துவிட்டது என்று பயந்து காலை எடுத்தவர்களும் உண்டு. 1992-இல் டைம்லர்-பென்ஸ் பெர்லினில் உள்ள தன் சிமுலேட்டரில் ஆட்களை உட்காரவைத்துப் பார்த்தபோது, ஆபத்து நேரத்தில் பெரும்பாலானோர் போதுமான பலத்தோடு மிதிக்கவே இல்லை என்று தெரிந்தது. கால் பாய்ந்துவந்த வேகத்தை வைத்தே ஆபத்தை உணர்ந்து, மீதி அழுத்தத்தைத் தானே கொடுக்கும் 'பிரேக் அசிஸ்ட்' 1996-இல் வந்தது இப்படித்தான்.

இந்தியாவில் 2019 ஏப்ரல் முதல் புதிய கார்களுக்கும் 125 சிசிக்கு மேற்பட்ட இருசக்கர வண்டிகளுக்கும் ஏபிஎஸ் கட்டாயமானது. அதற்கு முந்தைய ஆண்டுதான், சென்னையில் தயாராகும் ராயல் என்ஃபீல்டு இந்திய ரோட்டுக்கு ஏபிஎஸ் வைத்த வண்டியை இறக்கியது. இங்கிலாந்தில் அந்தச் சூப்பர் மீட்டியரை ஓட்டிப் பார்த்து அப்போது சரியாக அறுபது வருடம் ஆகியிருந்தது.