தொங்கல் உயர்த்தல்

தொங்கல் உயர்த்தல் என்பது ஒரு தானுந்தின் சக்கரங்களுக்கும் அதன் சட்டகத்திற்கும் (சேசிஸ்) இடைப்பட்ட தொங்கல் அமைப்பில் மாற்றம் செய்து, வண்டியின் உடற்பகுதியைத் தரையிலிருந்து மேலும் உயரத்தில் நிற்கச் செய்யும் வேலை ஆகும். பிக்கப் எனப்படும் சிறு சரக்குந்துகளிலும் நாற்சக்கர இயக்கம் கொண்ட வண்டிகளிலும் இது பெரும்பாலும் செய்யப்படுகிறது. கரடுமுரடான பாதையில் அடிப்பகுதி இடிபடாமல் செல்லவும், பெரிய சக்கரங்களைப் பொருத்தவும், நீர் தேங்கிய தெருக்களைக் கடக்கவும் இது விரும்பப்படுகிறது.

உயர்த்தல் வண்டியின் உயரத்தை மட்டுமே கூட்டுகிறது. சுமை தாங்கும் திறனைக் கூட்டுவதில்லை. இந்தியாவில், தயாரிப்பாளர் குறிப்பிட்ட வடிவத்திலிருந்து வேறுபடும் மாற்றங்கள் மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன்படி தடை செய்யப்பட்டுள்ளன.

வரலாறு

வண்டிகளுக்கு வில் பொருத்தும் வழக்கம் தானுந்துகளுக்கு முற்பட்டது. இங்கிலாந்தைச் சேர்ந்த ஒபதையா எலியட் 1804 ஆம் ஆண்டில் நீள்வட்ட வடிவ எஃகு வில்களைக் கொண்ட குதிரை வண்டிக்குக் காப்புரிமை பெற்றார். தமிழ்நாட்டில் பயணத்திற்குப் பயன்பட்ட மாட்டு வண்டிகளிலும் இத்தகைய வில்கள் பொருத்தப்பட்டன. அவ்வண்டிகளுக்கு வில் வண்டி என்ற பெயர் ஏற்பட்டதற்கு இதுவே காரணம். இன்றைய சிறு சரக்குந்துகளின் பின் அச்சைத் தாங்கும் பட்டை வில்லும் இதே வழிவந்தது.

இந்தியாவில் 2005 ஆம் ஆண்டில் அறிமுகமான டாட்டா ஏஸ், 2011 ஆம் ஆண்டில் அறிமுகமான அசோக் லேலண்ட் தோஸ்த் முதலிய சிறு சரக்குந்துகள் நகர்ப்புறச் சரக்குப் போக்குவரத்தில் பெருமளவு இடம் பிடித்தன. சென்னைக்கு வடக்கே ஆந்திரப் பிரதேசத்தின் சிறீசிட்டியில் 2016 ஆம் ஆண்டில் இசுசூ நிறுவனத்தின் தொழிற்சாலை திறக்கப்பட்டது. அங்கிருந்து வெளிவந்த டி-மேக்ஸ் வி-கிராஸ் போன்ற இரட்டை அறை பிக்கப்கள், தனிப்பட்ட பயன்பாட்டிற்காகவும் வாங்கப்பட்டன. தொங்கல் உயர்த்தலில் ஆர்வம் காட்டுவோர் பெரும்பாலும் இவ்வகை வண்டிகளின் உரிமையாளர்களே. சரக்கு வண்டி வைத்திருப்போர் இதன் மற்றொரு வடிவமான ‘கூடுதல் பட்டை போடுதலை’ நாடுகின்றனர்.

தொங்கல் அமைப்பின் உறுப்புகள்

பட்டை வில்: வழக்கில் ஸ்பிரிங் பட்டை எனப்படுவது. வெவ்வேறு நீளமுள்ள வளைந்த எஃகுப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நடுவில் சென்டர் போல்ட்டால் பிணைத்து, யூ போல்ட்டுகளால் அச்சுடன் இறுக்கியிருப்பர். இதன் ஒரு முனை சட்டகத்துடன் நேரடியாகவும், மறுமுனை ஷேக்கிள் என்னும் அசையும் இணைப்பு வழியாகவும் பொருத்தப்படும். பட்டை அமுங்கும்போது அதன் நீளம் கூடுவதால் இந்த அசையும் இணைப்பு தேவைப்படுகிறது.

சுருள்வில்: சீருந்துகளிலும் சில பிக்கப்களின் முன்பக்கத்திலும் காணப்படுவது.

அதிர்வுத் தணிப்பி: ஷாக் அப்சார்பர் எனப்படும் இது எடையைத் தாங்குவதில்லை. வில் மேலும் கீழும் தொடர்ந்து ஆடாமல் அடக்குவதே இதன் பணி.

ரப்பர் தடுப்பி: வில் முழுமையாக அமுங்கும்போது அச்சு சட்டகத்தில் மோதாமல் தடுப்பது.

உயர்த்தும் முறைகள்

செலவு குறைந்ததிலிருந்து கூடியது என்ற வரிசையில் முறைகள் பின்வருமாறு அமையும்.

1. நீண்ட ஷேக்கிள்: இதன் நீளக் கூடுதலில் ஏறத்தாழ பாதியளவே வண்டி உயரும். 50 மி.மீ நீளமான ஷேக்கிள் சுமார் 25 மி.மீ உயரத்தையே தரும். அச்சின் கோணம் மாறுவதும், பக்கவாட்டு ஆட்டம் கூடுவதும் இதன் குறைகள்.

2. கட்டை வைத்தல்: பின் அச்சுக்கும் பட்டை வில்லுக்கும் இடையில் உலோகக் கட்டை வைத்து, நீளமான யூ போல்ட்டுகளால் இறுக்குவது. கட்டையின் உயரம் முழுவதும் வண்டியின் உயரமாகக் கிடைக்கும். திசைதிருப்பும் முன் அச்சில் கட்டை வைப்பதும், ஒரு கட்டையின்மேல் மற்றொன்றை அடுக்குவதும் ஆபத்தானவை.

3. இடைத்துண்டு: முன்பக்கச் சுருள்வில் தொகுதியின் மேல்முனையில் ஸ்பேசர் வைப்பது. வில் தொகுதி நெம்புகோலின் இடையில் அமைந்திருப்பதால், துண்டின் தடிமனைவிடக் கூடுதலாகவே சக்கரத்தருகே உயரம் கிடைக்கும். பல பிக்கப்களில் இது ஏறத்தாழ இரு மடங்காகும்.

4. கூடுதல் பட்டை: இருக்கும் அடுக்கில் ஒரு பட்டையைச் சேர்ப்பது. இது உயரத்துடன் வில்லின் விறைப்பையும் கூட்டுகிறது.

5. முழுத் தொகுதி: வளைவு கூடிய புதிய வில்களையும் அவற்றுக்குப் பொருந்தும் நீளமான அதிர்வுத் தணிப்பிகளையும் சேர்த்து மாற்றுவது. செலவு மிகுந்தது எனினும், உறுப்புகள் ஒன்றுக்கொன்று பொருந்தி இயங்கும்.

சட்டகத்திற்கும் உடற்கூட்டிற்கும் இடையில் கட்டை வைக்கும் முறை உடற்கூடு உயர்த்தல் எனப்படும். அதில் தொங்கல் அமைப்பு மாறுவதில்லை.

உயரமும் தரை இடைவெளியும்

ஒரே துண்டாலான பின் அச்சைக் கொண்ட வண்டியில், தரைக்கு மிக அருகில் இருப்பது அச்சின் நடுவிலுள்ள டிஃபரென்ஷியல் கூடாகும். தொங்கல் உயர்த்தலால் சட்டகமும் உடற்கூடும் மேலே செல்கின்றன. அச்சு இருந்த இடத்திலேயே இருக்கிறது. விட்டம் கூடிய சக்கரத்தால் மட்டுமே அச்சின் உயரம் கூடும். அதுவும் விட்டக் கூடுதலில் பாதியளவே ஆகும்.

உயரமும் சுமைத்திறனும்

பட்டை வில்லின் விறைப்பு, பட்டைகளின் எண்ணிக்கைக்கும் அகலத்திற்கும் நேர்விகிதத்திலும், தடிமனின் மும்மடிக்கு நேர்விகிதத்திலும், நீளத்தின் மும்மடிக்கு எதிர்விகிதத்திலும் அமையும். ஐந்து பட்டைகள் உள்ள அடுக்கில் அதே அளவுள்ள ஆறாவது பட்டையைச் சேர்த்தால் விறைப்பு சுமார் 20 விழுக்காடு கூடும். பட்டைகளின் எண்ணிக்கையை மாற்றாமல் தடிமனை மட்டும் 8 மி.மீ-இலிருந்து 9 மி.மீ-ஆக மாற்றினால் விறைப்பு சுமார் 42 விழுக்காடு கூடும்.

இதனால் மிகைச் சுமை ஏற்றியபோதும் வண்டியின் பின்பகுதி தாழாமல் நிற்கும். ஆனால் வண்டியின் மொத்த எடை வரம்பை வில் மட்டும் முடிவு செய்வதில்லை. அச்சு, சக்கரத் தாங்கிகள், டயர்கள், சட்டகம், தடுப்பு அமைப்பு ஆகிய அனைத்தும் சேர்ந்தே அதை முடிவு செய்கின்றன. எடுத்துக்காட்டாக, 800 கி.கி எடையுள்ள வண்டி 750 கி.கி சுமைக்காக வடிவமைக்கப்பட்டது எனக் கொள்வோம். அதில் 1,500 கி.கி ஏற்றினால், அதே வேகத்தில் பிரேக்குகள் தணிக்க வேண்டிய இயக்க ஆற்றல் ஏறத்தாழ ஒன்றரை மடங்காகிறது. கூடுதல் பட்டை இந்த ஆற்றலைக் குறைப்பதில்லை. வண்டி தாழ்ந்து நிற்பது என்னும் எச்சரிக்கையை மட்டுமே மறைக்கிறது.

தேர்ந்தெடுத்தல்

உயர்த்தும் முடிவுக்கு முன், வண்டி தன் மூல உயரத்தில் நிற்கிறதா என்று அறிவது முதல் படியாகும். சமதளத்தில், சுமையின்றி நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் மையத்திலிருந்தும் அதற்கு நேர் மேலுள்ள மட்காப்பின் விளிம்பு வரை அளக்க வேண்டும். இடம், வலம் ஆகியவற்றிற்கிடையே வேறுபாடு இருந்தாலோ, தயாரிப்பாளர் தரும் அளவைவிடக் குறைந்திருந்தாலோ வில் தளர்ந்துள்ளது எனலாம். இதையே பட்டறைகளில் பட்டை ‘படுத்துவிட்டது’ என்பர். இந்நிலையில் அதே வகையைச் சேர்ந்த புதிய வில்லைப் பொருத்தினாலே இழந்த உயரம் திரும்பக் கிடைக்கும்.

தளர்ந்த பட்டையைச் சூடேற்றி அடித்து மீண்டும் வளைப்பது மலிவான வழக்கம். வில் எஃகு, செந்நிறமாகக் காய்ச்சி எண்ணெயில் குளிர்வித்துப் பின்னர் அளவாகப் பதப்படுத்தப்படுவதாலேயே மீள்திறன் பெறுகிறது. உலையில் வெப்பநிலையைக் கட்டுப்படுத்தாமல் சூடேற்றினால் அப்பதம் கெடும். அவ்வாறு வளைத்த பட்டை விரைவில் மீண்டும் தளரும் அல்லது முறியும்.

பொருத்தும் முறை

பின்பக்கப் பட்டை வில்லை மாற்றும் வேலை பொதுவாகப் பின்வரும் வரிசையில் நடைபெறும். மூல அளவுள்ள வில்லைப் பொருத்துவதற்கும் இதே முறை பொருந்தும்.

1. வண்டியை உறுதியான சமதளத்தில் நிறுத்தி, முன் சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை இடுதல்.

2. ஜாக்கியால் தூக்கிச் சட்டகத்தை இரும்புத் தாங்கிகளின்மேல் அமர்த்துதல். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் அடியில் செல்லக்கூடாது.

3. அச்சைத் தனியே மற்றொரு ஜாக்கியால் தாங்கியபின் அதிர்வுத் தணிப்பியையும் யூ போல்ட்டுகளையும் கழற்றுதல். பிரேக் குழாய் இழுபடாதவாறு அச்சை மெல்ல இறக்க வேண்டும்.

4. வில்லின் இருமுனை ஊசிகளையும் கழற்றிப் புதிய வில்லையும் புதிய ரப்பர் புஷ்களையும் பொருத்துதல்.

5. சென்டர் போல்ட்டின் தலை அச்சிலுள்ள குழியில் சரியாக அமர்ந்ததை உறுதி செய்து, யூ போல்ட்டுகளைக் குறுக்காக மாறிமாறி இறுக்குதல். ஒருமுறை இறுக்கிய யூ போல்ட்டுகள் நீண்டுவிடுவதால் பழையவற்றை மீண்டும் பயன்படுத்தக்கூடாது.

6. வண்டியைத் தரையில் இறக்கி, அதன் எடை சக்கரங்களின்மேல் அமர்ந்த பிறகே முனை ஊசிகளை இறுதியாக இறுக்குதல். தொங்கும் நிலையில் இறுக்கினால் புஷ்கள் முறுக்கப்பட்டு விரைவில் கிழியும்.

7. தயாரிப்பாளர் குறிப்பிட்ட முறுக்குவிசை அளவைப் பின்பற்றுதல். சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் யூ போல்ட்டுகளை மீண்டும் சரிபார்த்தல்.

வேலை முடிந்ததும் சக்கரச் சீரமைப்பும் முகப்பு விளக்குகளின் கோணமும் சரிபார்க்கப்பட வேண்டும்.

பக்க விளைவுகள்

கவிழும் வாய்ப்பு: ஒரு வண்டி கவிழாமல் தாங்கக்கூடிய பக்கவாட்டு முடுக்கம், சக்கரங்களுக்கு இடைப்பட்ட அகலத்தை ஈர்ப்பு மைய உயரத்தின் இரு மடங்கால் வகுத்துக் கிடைக்கும் அளவைச் சார்ந்தது. அகலம் 1,500 மி.மீ எனவும், மைய உயரம் 700 மி.மீ எனவும் கொண்டால் இது 1.07 ஆகும். உயரம் 750 மி.மீ ஆனால் 1.00 ஆகக் குறையும். உயரமாகச் சரக்கு அடுக்கினால் இது மேலும் குறையும்.

தடுப்புவிசைப் பகிர்வு: பல சிறு சரக்குந்துகளில் பின் அச்சுக்கும் சட்டகத்திற்கும் இடையே உள்ள தொலைவை உணர்ந்து பின் பிரேக்கின் விசையை மாற்றும் தடுக்கிதழ் உள்ளது. வண்டியை உயர்த்தினாலோ வில்லை விறைப்பாக்கினாலோ, சுமை இருந்தும் வண்டி காலியாக இருப்பதாக இது ‘கருதி’ப் பின் பிரேக்கின் விசையைக் குறைத்துவிடும். தடுக்கிதழை மறுசீரமைக்காவிடில் வண்டி நிற்கும் தொலைவு கூடும்.

இயக்கத் தண்டு: கோணம் மாறுவதால் அதிர்வும், மூட்டுகளில் தேய்மானமும் ஏற்படலாம்.

சட்ட நிலை

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52 ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டவற்றிலிருந்து வேறுபடும் வகையில் உரிமையாளர் வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் 2019 சனவரியில் தீர்ப்பளித்த இந்திய உச்ச நீதிமன்றம், தயாரிப்பாளரின் மூல வடிவ விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்ற முடியாது என உறுதி செய்தது. எரிபொருள் மாற்றக் கருவி போன்ற சிலவற்றுக்கு மட்டும் உரிய நிபந்தனைகளுடன் விலக்கு உண்டு.

2019 ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் சேர்த்த 182அ பிரிவின்படி, அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் தண்டம் அல்லது ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். மிகைச் சுமைக்கு 194 ஆம் பிரிவின்படி 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் தண்டமாகும். மாற்றத்தைத் தெரிவிக்காதிருப்பது விபத்துக் காப்பீட்டுக் கோரிக்கையிலும் சிக்கலை உண்டாக்கலாம். தேய்ந்த வில்லுக்குப் பதிலாகத் தயாரிப்பாளர் குறிப்பிட்ட அதே வகை வில்லைப் பொருத்துவது பழுதுபார்த்தலே ஆகும். வடிவ மாற்றம் ஆகாது.

ஆத்திரேலியாவில் மாநில விதிகள் குறிப்பிட்ட அளவு வரை உயர்த்தலை ஏற்று, அதற்கு மேற்பட்டவற்றுக்குப் பொறியாளர் சான்று கோருகின்றன.

சென்னையின் மேற்குப் புறநகரில்

அம்பத்தூர் தொழிற்பேட்டையும் அதை ஒட்டியுள்ள மண்ணூர்பேட்டை, பாடி ஆகிய பகுதிகளும் தானுந்து உதிரிப்பாகத் தொழிலுக்கு அறியப்பட்டவை. பாடியில் தொழிற்சாலை கொண்ட வீல்ஸ் இந்தியா நிறுவனம், சக்கரங்களுடன் பேருந்து, சரக்குந்துகளுக்கான காற்றுத் தொங்கல் அமைப்புகளையும் தயாரிக்கிறது. தொழிற்பேட்டையின் சிறு பட்டறைகளுக்கு இடையே உலோகப் பொருட்களைக் கொண்டு செல்வதில் சிறு சரக்குந்துகள் முதன்மைப் பங்கு வகிக்கின்றன. உலோகம் இடத்தைக் குறைவாக அடைத்துக்கொண்டு எடையில் மிகும் சரக்காகையால், தளத்தில் இடமிருக்கும்போதே எடை வரம்பு கடந்துவிடும்.

2015 திசம்பர் வெள்ளத்தின்போதும் 2023 திசம்பரில் மிக்சாம் புயலின்போதும் அம்பத்தூர், கொரட்டூர் பகுதிகளில் நீர் சூழ்ந்தது. நீரில் செல்லும் வண்டிக்கு எல்லையாக அமைவது பொறி காற்றை உறிஞ்சும் வாயின் உயரமே ஆகும். 50 மி.மீ உயர்த்தல் அவ்வாயையும் அதே அளவே உயர்த்தும். அச்சிலுள்ள காற்றுப்போக்கித் துளை இருந்த இடத்திலேயே இருப்பதால், அதன் வழியே டிஃபரென்ஷியல் எண்ணெயில் நீர் கலக்கும் வாய்ப்பு குறைவதில்லை. ஆகவே நீரில் சென்றுவந்த வண்டி உயர்த்தப்பட்டதாயினும் அந்த எண்ணெயைச் சோதிப்பது தேவையாகிறது.

இவற்றையும் பார்க்க

பட்டை வில்
அதிர்வுத் தணிப்பி
ஈர்ப்பு மையம்
வில் வண்டி
அம்பத்தூர் தொழிற்பேட்டை
மோட்டார் வாகனச் சட்டம், 1988